சங்கரநாராயண காலம்

இங்கிலீஷில் எத்தனை காலம் உண்டு என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். "பன்னிரண்டு" என்று மூச்சு விடாமல் சொல்லுவான். அதோடு நில்லாமல், மூன்று வரிசையும் நான்கு பத்தியுமாக ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பியும் காட்டுவான். கட்டத்தில் ஒரு பிழை இராது. பிறகு, "'நேற்று மாமா வந்தார்' என்பதை இங்கிலீஷில் சொல், அப்பா" என்று கேளுங்கள். கட்டத்தைப் பார்ப்பான்; கூரையைப் பார்ப்பான்; கடைசியில் நம்மையே பரிதாபமாகப் பார்ப்பான். பன்னிரண்டு காலத்தையும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு நேற்று அகப்படவில்லை!

இதற்குப் பிள்ளையின் புத்தியைக் குறை கூறுவது நியாயமாகாது. நாலு வயதிலேயே "வந்தான், வருகிறான், வருவான்" என்று பிழையில்லாமல் பேசியவன் அவன். அந்த ஞானம் முழுவதையும் இங்கிலீஷ் வகுப்பின் வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரும்படி நாம் சொல்லுகிறோம். உள்ளே வந்தவன் வெறுங்கையோடு விழிக்கிறான்.

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இதனால் விளையும் நஷ்டம் சிறிதல்ல. 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி ஜில்லாவில் சேர்ந்த ஊர் இது. தறியும் பூச்சந்தையும் சுற்றுப்புறத்து விவசாயமும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அந்த வீடுகளில் இங்கிலீஷ் பேச்சு காதில் விழுவதில்லை. பள்ளிக்கூடம் கொடுப்பதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் இங்கிலீஷ். நமது ராஜ்யம் 1968-ல் தமிழும் இங்கிலீஷும் போதும் என்று தீர்மானித்தது. ஆகவே கலாசாலைக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கும் வெளியூர் உத்தியோகத்துக்கும் நம் பிள்ளைகள் நுழைகிற வாசல் பெரும்பாலும் இங்கிலீஷாகவே இருக்கிறது. அந்த வாசலில் பயம் காவல் நின்றால் என்ன ஆகும்?

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, பூக்கட்டும் வீட்டுக் குழந்தை. மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால் தமிழில் மணிமணியாக விளக்குவாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் எழுந்து, "ஐ ஆம் நோயிங் திஸ், சார்" என்றாள். பின் பெஞ்சியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், அந்த வருஷம் முழுவதும் அவள் இங்கிலீஷ் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது தெரியாமற் போய்விடவில்லை. தெரிந்ததைச் சொல்லும் துணிவு போய்விட்டது.

அந்தப் பிழையைத் திருத்த வழி அவள் நாவிலேயே இருந்தது. தமிழில் "எனக்கு இது தெரியும்" என்கிறோம். இங்கே "தெரிகிறது" என்றால் பொருள் மாறி, கண்ணுக்குப் புலப்படுவதைக் குறிக்கும். "எனக்கு மாம்பழம் பிடிக்கும்", "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்பவையும் இப்படியே. அறிவதும் விரும்புவதும் வேண்டுவதும் அப்போது நடந்துகொண்டிருக்கும் காரியங்களல்ல, மனத்தில் நிலைத்திருப்பவை. இங்கிலீஷிலும் நோ, லைக், வான்ட் என்னும் சொற்கள் பொதுவாக 'இங்' என்ற விகுதியை ஏற்பதில்லை. ஆகவே தெரியும், பிடிக்கும், வேண்டும் என்று தமிழில் வந்தால் 'இங்' சேர்க்காதே என்று சொன்னால் போதும். குழந்தை சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும்.

எதிர்மறையும் அப்படித்தான். "டிட் நாட் கேம்" என்று எழுதாத மாணாக்கனைக் காண்பது அரிது. அவனிடம், "'வரவில்லை' என்பாயா, 'வந்தவில்லை' என்பாயா?" என்று கேளுங்கள். "வந்தவில்லை என்று யாராவது சொல்லுவார்களா, சார்?" என்று அவனே நகைப்பான். 'வரவில்லை' என்பதில் 'வர' என்பது காலம் காட்டாத எச்சம். 'டிட் நாட் கம்' என்பதிலும் 'கம்' காலம் காட்டாமல் நிற்கிறது. காலத்தை 'டிட்' என்பது சுமந்துகொண்டது. ஒரு சுமைக்கு ஒரு கூலியாள் போதும். கேள்வியிலும் இதே விதிதான்: "டிட் ஹி கம்?"

இனி, பிள்ளைகள் எல்லாவற்றிலும் அதிகமாக அஞ்சுகிற காலத்துக்கு வருவோம். "ஐ ஹேவ் கம்" என்பது இறந்த காலமா, நிகழ்காலமா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சங்கரநாராயண காலம். நமது கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தி ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். அதுபோல இந்த வினையிலும் ஒரு பாதி நிகழ்காலம், மறு பாதி இறந்த காலம். 'ஹேவ்' இன்றைக்கு உரியது. உடன் வருகிற 'கம்' என்பதோ முடிந்த செயலைக் குறிக்கும் உருவம். தமிழில் "வந்திருக்கிறேன்" என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'வந்து' என்பது இறந்தகால வினையெச்சம். 'இருக்கிறேன்' என்பது நிகழ்கால முற்று. வந்தது முடிந்த காரியம். அதன் பலனோ இப்போது உங்கள் எதிரில் நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லத் தமிழ்க் குழந்தை எப்போதோ கற்றுவிட்டது. வந்திருந்தேன் என்றால் 'ஹேட் கம்'. வந்திருப்பேன் என்றால் 'வில் ஹேவ் கம்'. வந்துகொண்டிருக்கிறேன் என்றால் 'ஆம் கமிங்'. அந்தப் பயங்கரமான கட்டத்தில் முக்காற் பங்கு இவ்விதம் வீட்டுச் சாமானாகவே இருக்கிறது.

ஒழுங்கற்ற வினைகளும் நமக்குப் புதியவை அல்ல. செய் என்பது செய்தான் ஆகிறது. உண் என்பது உண்டான், தின் என்பது தின்றான், ஓடு என்பது ஓடினான் ஆகின்றன. நன்னூலார் இவற்றின் இடைநிலைகளைத் த், ட், ற், இன் என்று வகுத்து வைத்தார். அந்தச் சூத்திரத்தைக் கற்ற பிறகா நாம் தின்றோம்? கேட்டும் பேசியும் வந்தது. 'கோ' என்பது 'வென்ட்' ஆவது அநியாயமாகத் தோன்றலாம். 'வெண்ட்' என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலத்தை அது இரவல் வாங்கிக்கொண்டது, அவ்வளவே சங்கதி.

எல்லாம் ஒன்றாயிருக்கிறது என்று சொன்னால் நாம் பொய் சொன்னவர்களாவோம். இரு பாஷைகளும் வழி பிரிகிற இடங்கள் உண்டு. அங்கேதான் உபாத்தியாயர் விளக்கோடு நிற்கவேண்டும்.

ஒன்று: நமது 'வருகிறேன்' இங்கிலீஷில் இரண்டு வீட்டுக்குப் போகும். "தினந்தோறும் பள்ளிக்கூடம் வருகிறேன்" என்பது 'ஐ கம்'. "இதோ வருகிறேன்" என்பது 'ஐ ஆம் கமிங்'. வழக்கமா, இந்த க்ஷணமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு: வழக்கத்தையும் இயற்கையையும் நாம் எதிர்கால உருவத்தாலும் சொல்லுகிறோம். "தாத்தா விடியற்காலையில் எழுந்திருப்பார்", "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்பவற்றை அப்படியே மாற்றி 'வில்' போட்டுவிடுகிறார்கள் பிள்ளைகள். அங்கே இங்கிலீஷ்காரர் சாதாரண நிகழ்காலத்தையே ஆளுவர். தாத்தாவும் சூரியனும் ஒருவராகையால் வினையின் கடைசியில் ஓர் 'ஸ்' மட்டும் சேரும். ஏன், ஆய், ஆன், ஆள், ஆர் என்று இத்தனை விகுதிகளைச் சுமக்கும் நமக்கு அந்த ஒன்று பாரமா?

மூன்று: "நேற்று வந்திருக்கிறான்" என்று தமிழில் சொல்லலாம். இங்கிலீஷில் நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் சங்கரநாராயண காலம் ஆகாது. "ஹி கேம் எஸ்டர்டே" என்று முழு இறந்த காலமே வரவேண்டும்.

நான்கு: "பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்" என்பதில் 'ஆக' என்னும் இரண்டெழுத்து, அன்று தொடங்கி இன்றுவரை என்ற பொருளை முழுதும் தாங்கிக்கொள்கிறது. இங்கிலீஷில் அந்தப் பொருளை வினையே தாங்க வேண்டும்: "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்". வருஷமாக, மாதமாக என்று அளவு சொன்னால் 'ஃபார்'; காலையிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து என்று தொடக்கம் சொன்னால் 'சின்ஸ்'.

நேரே இங்கிலீஷிலேயே நினைக்கப் பழக்க வேண்டும், நடுவில் தமிழ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் அந்தப் பாஷை புழங்கும் பிள்ளைக்கு அது சரி. பிறர் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். வீரமாமுனிவர் என்று நாம் கொண்டாடும் பெஸ்கி பாதிரியார் நமது திருநெல்வேலிச் சீமையில் காமநாயக்கன்பட்டியிலும் இருந்தவர். கொடுந்தமிழுக்கு அவர் 1728-ல் எழுதிய இலக்கணம் லத்தீன் பாஷையில் இருக்கிறது. தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கு அவர்கள் அறிந்த பாஷையிலேயே தமிழை விளக்கினார். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவது மகா பண்டிதருக்கு இழுக்காகவில்லை. நம் குழந்தைக்கு மட்டும் அது இழுக்காகுமா? வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்று வந்துவிட்டால் அபராதம் விதிக்கும் பள்ளிக்கூடங்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

பயிற்சியும் அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழால் விளங்கிக்கொண்டதை இங்கிலீஷில் பலமுறை சொன்னாலொழிய நாக்கு வசப்படாது. ஆனால் விளங்காததை நூறு தரம் ஒப்பித்தால் கட்டம்தான் மிஞ்சும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இங்கிலீஷ் வராது என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்தக் காரியத்துக்கு உங்கள் தமிழ் போதும். இரவு சாப்பாட்டுக்குப் பின், இன்று என்ன செய்தாய், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய், எதை முடித்திருக்கிறாய், நாளைக்கு என்ன செய்வாய் என்று குழந்தையை நாலு கேள்வி கேளுங்கள். தமிழில் பதில் சொல்லட்டும். பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கட்டும். தவறினால் ஒருவரும் சிரிக்கவேண்டாம். வீட்டில் சிரிப்புக்கு அஞ்சாத பிள்ளை, பின் பெஞ்சியின் சிரிப்புக்கும் அஞ்சாது.