மாடல் ரயிலில் ஒரு புது அளவு: கோபம் யாருக்கு? லாபம் யாருக்கு?

கள்ளக்குறிச்சியையும் சின்னசேலத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட ரயில் பாதையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இந்தப் பாதையை அப்படியே சுருக்கி வீட்டுக்குள் மாடல் ரயிலாக ஓட்ட வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு மாணவருக்கு ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு இடம் வேண்டும்?

பிரிட்டனில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் 'ஓஓ' அளவில் (1:76) என்றால் 210 மீட்டர். உலகம் முழுக்கப் பரவிய 'எச்ஓ' அளவில் (1:87) 184 மீட்டர். பிரிட்டிஷ் 'என்' அளவில் (1:148) 108 மீட்டர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 'டிடி' அளவில் (1:120) 133 மீட்டர். எந்த அளவை எடுத்தாலும் தெருவையே வளைத்துப் போட வேண்டியதுதான்! பின்னணியில் கல்வராயன் மலையும் வேண்டும் என்றால் இன்னும் வேடிக்கை. சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரும் ஒரு சிகரம் 1:120 அளவில் 8 மீட்டருக்கு மேல் நிற்கும். இரண்டு மாடி வீட்டின் உயரம் அது!

ஆகவே மாடல் ரயில் கட்டுபவர் எவரும் முழு உண்மையைக் கட்டுவதில்லை. எதைச் சுருக்குவது, எதை விட்டுவிடுவது என்று ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். அந்தச் சமரசத்தின் பெயர்தான் 'ஸ்கேல்'. இதைப் புரிந்துகொண்டால், 2022-ல் ஒரு புது அளவு பிரிட்டிஷ் சந்தைக்கு வந்தபோது அங்கே ஏன் அவ்வளவு பெரிய சண்டை மூண்டது என்பதும் புரியும்.

என்ன நடந்தது?

2022 ஜூன் மாதம் பெக்கோ நிறுவனம் டிடி:120 அளவில் தண்டவாளங்களையும் கட்டடங்களையும் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹார்ன்பி நிறுவனம் அதே அளவில் எஞ்சின்கள், பெட்டிகள், முழு ரயில் செட்டுகள் என்று ஒரு பெரிய பட்டியலையே வெளியிட்டது. தொடக்கத்தில் கடைகளுக்குக் கொடுக்காமல் தன் இணையதளம் வழியாக நேரடியாக மட்டுமே விற்றது.

'டிடி' என்றால் டேபிள் டாப், அதாவது மேசைக்குள் அடங்குவது. ஒரு நிஜ ரயில் பெட்டியின் நீளம் சுமார் 22 மீட்டர். எட்டுப் பெட்டிகள் கொண்ட ரயில் ஓஓ அளவில் ஏழரை அடி நீளம் வரும். டிடியில் ஐந்து அடிக்குள் முடிந்துவிடும். பரப்பளவில் பார்த்தால் ஓஓவுக்கு வேண்டிய இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போதும். சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்திதானே? பிறகு ஏன் கோபம்?

மூன்று கட்சிகள்

முதல் கட்சி, ஓஓ வைத்திருக்கும் பழையவர்கள். முப்பது நாற்பது வருடமாகச் சேர்த்த எஞ்சின்களும் தண்டவாளங்களும் அவர்களிடம் இருக்கின்றன. புது அளவில் எதுவும் பழையதோடு சேராது. நிறுவனம் தன் பணத்தையும் உழைப்பையும் புதியதில் போட்டால், தங்களுக்கு வர வேண்டிய மாடல்கள் குறையுமே என்பது அவர்கள் பயம். இதைக் கிழவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தொழிற்சாலை ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாதல்லவா?

இரண்டாவது கட்சி, கணக்குப் பார்ப்பவர்கள். பிரிட்டனின் ஓஓவில் ஒரு பழைய தவறு ஒளிந்திருக்கிறது. ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. ஸ்கேல் என்பது எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம். ஓஓவில் பெட்டி 1:76, ஆனால் அது ஓடுவது எச்ஓவுக்கான 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். பெருக்கிப் பார்த்தால் 1254 மில்லிமீட்டர்தான் வரும். நிஜ பிரிட்டிஷ் ரயில் பாதையோ 1435 மில்லிமீட்டர். அகலமான உடம்புக்குக் குறுகிய கால்! டிடி:120-ல் 12 மில்லிமீட்டர் தண்டவாளம், அதாவது 1440. ஏறக்குறைய சரி. பல ஆண்டுகளாக நெருடிக்கொண்டிருந்த ஒன்று தீர்ந்தது என்று இவர்கள் மகிழ்ந்தார்கள்.

மூன்றாவது கட்சிதான் கவனிக்க வேண்டியது. இவர்கள் எதிர்க்கவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. "எத்தனை வருஷம் செய்வார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. 1957-ல் ட்ரை-ஆங் நிறுவனம் பிரிட்டனில் ஒரு டிடியைக் கொண்டுவந்தது. ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற கணக்கு, அதாவது 1:101.6. 1960களின் இறுதிக்குள் அது நின்றுபோனது. வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கைவிடப்பட்ட அந்த அளவைக் காப்பாற்றுவதற்கென்றே ஆர்வலர்கள் ஒரு சங்கம் வைத்து, தாங்களே உதிரிபாகங்கள் செய்து ஓட்டி வருகிறார்கள். இன்னொரு விஷயம்... ட்ரை-ஆங்கின் உரிமையாளர்கள் 1964-ல் பழைய ஹார்ன்பியை வாங்கினார்கள். இன்றைய ஹார்ன்பி அந்த வழியில் வந்ததுதான்!

மறுபக்கம், கிழக்கு ஜெர்மனியில் 1950களின் இறுதியில் தொடங்கிய 1:120 டிடி, நாடே மாறிப் போன பிறகும் சாகவில்லை. சின்னச் சின்னக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு அது பொருந்தியது. ஒரு நிறுவனம் விட்டதை இன்னொரு நிறுவனம் எடுத்துத் தொடர்ந்து செய்தது. ஆக, அளவில் குற்றமில்லை. தொடர்ந்து செய்பவர் இருந்தால் எந்த அளவும் பிழைக்கும். இல்லையென்றால் மிகச் சரியான அளவும் பெட்டிக்குள் போய்விடும்.

நிஜ ரயிலிலும் இதே கதைதான்

சேலம் - விருத்தாசலம் பாதை சின்னசேலம் வழியாகப் போகிறது. ஒரு காலத்தில் அது மீட்டர் கேஜ். 1992-ல் இந்திய ரயில்வே நாடு முழுவதும் ஒரே கேஜ் என்ற திட்டத்தைக் கையில் எடுத்தது. அந்தப் பாதையும் பின்னாளில் அகலப் பாதையானது. அது தேவையான மாற்றம்தான். நேரடியாக நெடுந்தூர ரயில்கள் வர முடிந்தது. ஆனால் மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றுகூடப் புதுப் பாதையில் ஓட முடியாது. கேஜ் மாறினால் பழையது மொத்தமும் பழசாகிவிடும். பெரிய ரயிலுக்கும் அதே விதி, மேசை மேல் ஓடும் ரயிலுக்கும் அதே விதி.

காத்திருப்பது என்றால் என்ன என்பதும் கள்ளக்குறிச்சிக்குத் தெரியும். 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரானபோதுகூட அந்த ஊரில் ரயில் நிலையம் கிடையாது. அறிவிப்பு வேறு, ரயில் வேறு என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் மூன்றாவது கட்சியின் கேள்வியை அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

தமிழ்நாட்டு ஆர்வலருக்கு இதில் என்ன?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "புது அளவு வந்துவிட்டது, இடமும் மிச்சம், இனி இந்திய ரயிலையும் இதில் கட்டலாம்" என்று உற்சாகம் பிறக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. அதை 120-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14. கடையில் கிடைப்பதோ 12 மில்லிமீட்டர் தண்டவாளம். எந்தத் தவறைத் திருத்தியதாக பிரிட்டனில் கொண்டாடினார்களோ, அதே தவறு இந்திய ரயிலுக்குப் புதிதாக முளைக்கிறது! எச்ஓவிலும் இதே நிலைதான். 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டிய இடத்தில் 16.5 இருக்கிறது. அமெரிக்க டீசல் எஞ்சினை வாங்கி இந்திய வண்ணம் பூசி ஓட்டுபவர்கள் அந்தக் குறையோடுதான் ஓட்டுகிறார்கள்.

விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுங்கவரிப் பட்டியலில் மாடல் ரயிலும் பொம்மையும் ஒரே தலைப்பில் வருகின்றன. இந்தியாவில் பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வளவு கொடுத்து வாங்கிய பொருள் சொந்த ஊர் ரயிலைப் போலவும் இல்லை என்றால் யாருக்கு லாபம்?

ஆனால் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 1957-ல் வந்து செத்துப்போன அந்த 3 மில்லிமீட்டர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் 16.5 மில்லிமீட்டர். அதாவது உலகத்திலேயே சுலபமாகக் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம்! பிரிட்டன் கைவிட்ட அளவில் பெட்டியைக் கட்டி, கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்டவாளத்தில் வைத்தால், இந்திய அகலப் பாதை மயிரிழை பிசகாமல் வந்துவிடும். மீட்டர் கேஜ் ரயிலுக்கு இதே அளவில் 9.8 மில்லிமீட்டர் வேண்டும். என் அளவின் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் ஓரளவுக்குச் சமாளிக்கும். பழைய சின்னசேலத்தையும் புதிய சின்னசேலத்தையும் ஒரே மேசையில் வைக்கலாம்.

குறை என்னவென்றால், இந்த அளவில் இந்தியப் பெட்டிகள் கடையில் கிடைக்காது. கையால்தான் செய்ய வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரம் இப்போது கொஞ்சம் உதவும். "அதெல்லாம் ஆகிற காரியமா?" என்று கேட்பவர்கள் புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கிலிருந்து வளர்ந்த இடம் அது.

அவ்வளவு தூரம் போவானேன்? கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதி மரச்சிற்பக் கலைஞர்கள் இருக்கிறார்களே! கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கலை. சிற்ப மரபில் தாலமானம் என்றொரு அளவு முறை உண்டு. முகத்தின் நீளத்தை அடிப்படையாக வைத்து மற்ற உறுப்புகளைக் கணக்கிடுவார்கள். அரை அடிச் சிலையானாலும் ஆறடிச் சிலையானாலும் விகிதம் குலையாது. சந்தையில் என்ன அளவு வந்தது என்று பார்த்து உளி எடுப்பதில்லை. எந்த உருவம், எங்கே வைக்கப்போகிறோம் என்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்கிறார்கள்.

மாடல் ரயில் ஆர்வலர்களும் அந்த வரிசையில் யோசித்தால் பாதிச் சண்டை குறையும். பிரிட்டிஷ் ரயிலைச் சின்ன அறையில் ஓட்ட விரும்புகிறவருக்கு டிடி:120 நல்ல அளவுதான். தாராளமாக வாங்கட்டும். அலமாரி நிறைய ஓஓ வைத்திருப்பவர் அதிலேயே இருக்கட்டும், அவருடைய ரயில் நேற்றுப் போலவே இன்றும் ஓடும். சின்னசேலம் சந்திப்பைக் கட்ட விரும்புகிறவர் மட்டும் புது அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அவருடைய கேஜுக்கு எந்த வெளிநாட்டு நிறுவனமும் இதுவரை ஓர் அளவை அறிவிக்கவில்லை. அறிவிக்கும் வரை காத்திருப்பதா, இந்த விடுமுறையிலேயே ஓர் அட்டைப் பெட்டியையும் கத்தரிக்கோலையும் எடுப்பதா?

முடிவு அவர் கையில்.