சலுகையா? சங்கிலியா?

இரண்டு மணி நேரம் தந்தார்கள். யாருக்கு? பெண்களுக்கு! எதற்கு? பூசை செய்ய, வீட்டு வேலை பார்க்க!

2023 ஏப்ரலில் புதுவையின் துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராசன் அவர்களும் முதலமைச்சர் ரங்கசாமி அவர்களும் வெளியிட்ட அறிவிப்பு இது. அரசு அலுவலகப் பெண்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை, காலை 9 மணிக்குப் பதிலாக 11 மணிக்கு வரலாம் என்றார்கள்.

"நல்லதுதானே!" என்பார் ரெட்டியார்பாளையத்துத் தேநீர்க் கடையிலே அமர்ந்திருக்கும் தோழர். நல்லதுதான் தோழரே! விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, பிள்ளைக்குத் தலைவாரி, பேருந்துக்கு ஓடும் தாய்க்கு இரண்டு மணி நேரம் பெருஞ்செல்வம். அதைப் பறிக்கச் சொல்லவில்லை நாம். அதே வீட்டிலே அவள் கணவனும் இருக்கிறானே, அவனுக்கு ஏன் அந்த அனுமதி இல்லை என்றுதான் கேட்கிறோம். அவன் உண்பது அதே சோறு அல்லவா? அந்தப் பிள்ளை அவன் பிள்ளை அல்லவா?

அலுவலகம் இருவருக்கும், அடுப்படி ஒருத்திக்கு! அறிவிப்பு சொல்லாமல் சொல்வது இதைத்தான். நாளைக்குத் தனியார் முதலாளி என்ன சொல்வான்? "பெண்ணா? அவளுக்கு வீட்டு வேலை இருக்கும், ஆணையே எடுத்துக்கொள்" என்பான். சலுகை, வேலைக்கே உலை வைக்கும்!

கணக்கைப் பாருங்கள். 2019-இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கு இது. கூலியில்லா வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர். அப்படிக் கைவைத்தவர்களிலும் ஆண் உழைத்தது நாளைக்கு 97 நிமிடம். பெண் உழைத்தது 299 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்!

தோழர்களே! 1936 சூலை 30-ஆம் நாளை நாம் மறக்கவில்லை. சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேரின் உயிரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி குடித்தது. அந்தக் குருதியிலே விளைந்தது எட்டு மணி நேர வேலை. ஆலைச் சங்கு ஊதினால் ஆணின் வேலை முடிந்தது. அடுப்பங்கரைக்குச் சங்கு உண்டா? நாம் போராடிப் பெற்ற எட்டு மணி நேரம் நம் வீட்டு வாசலைத் தாண்டவில்லையே, ஏன்?

குடும்பப் பொறுப்பு ஆண், பெண் இருபாலருக்கும் உரியது என்று கொண்டு, 1981-இலேயே 156-ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. நேரத் தளர்வு வேண்டும். பூசையின் பெயரால் அல்ல, பொறுப்பின் பெயரால், தாய்க்கும் தந்தைக்கும் சமமாக! வேலையிடம்தோறும் பிள்ளைக் காப்பகம் வேண்டும். இவை அரசிடம் கேட்பவை.

மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு மனு வேண்டாம், மாநாடு வேண்டாம். இன்றிரவு கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், உண்ட தட்டை நீங்களே கழுவுங்கள். மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டிலே எசமானனாக அமர்ந்தால், நம் பேச்சை நம் வீட்டுப் பெண்ணே நம்பமாட்டாள். பிறகு ஊர் எப்படி நம்பும்?