இடுப்பளவுத் தண்ணீருக்கு ஏழடிக் கீல்

அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து அனாபொலிஸ் படகுத்துறையில் கால் வைக்க இடமிருக்காது. 1970இலிருந்து நடந்துவரும் பாய்மரப் படகுக் கண்காட்சி அது. படகுகளைத் தண்ணீரிலேயே வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எந்தப் படகிலும் ஏறிப் பார்க்கலாம். மேரிலாந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்த நானும் மனைவியும் இந்த முறை வாங்கவே போனோம். பல வருடச் சேமிப்பு கையில் இருந்தது. மூன்று நாள் அலைந்து வெறுங்கையோடு திரும்பினோம்.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. இரண்டு பேர் படுக்க, சமைக்க, பத்துப் பதினைந்து நாள் செசபீக் விரிகுடாவைச் சுற்றிவர ஒரு படகு. ராத்திரி தங்கக் கிழக்குக் கரையின் கழிகளுக்குள் நுழைய வேண்டும். நாணல் ஓரமாக நங்கூரம் போட்டால் விடியற்காலை நாரை இறங்குவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அதற்காகத்தான் படகே.

இந்த விரிகுடா பார்வைக்குக் கடல் மாதிரி இருக்கும். நீளம் ஏறத்தாழ 200 மைல். ஆனால் சராசரி ஆழம் 21 அடிதான். ஆறடிக்கும் குறைவான தண்ணீர் நிற்கும் பரப்பு மட்டுமே 7 லட்சம் ஏக்கருக்கு மேல். 1608இல் இந்த விரிகுடாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேய கேப்டன் ஜான் ஸ்மித்தின் படகே ராப்பஹானக் ஆற்று முகத்துவாரத்தில் நீர் வற்றித் தரை தட்டியது. சும்மா நிற்பானேன் என்று வாளால் மீன் குத்தப் போனவரைத் திருக்கை கொட்டியது. பிழைக்கமாட்டோம் என்று தனக்குக் குழி தோண்டச் சொல்லிவிட்டார். பிழைத்துக்கொண்டார், அந்த முனைக்கு இன்றைக்கும் ஸ்டிங்ரே பாயிண்ட் என்றுதான் பெயர். நானூறு வருடமாக ஊருக்கே தெரிந்த ஆழம் இது.

அப்படிப்பட்ட தண்ணீரில் கட்டி வைத்து எதை விற்கிறார்கள்? முதல் நாள் ஏறிய 40 அடிப் படகில் இரண்டு சக்கரச் சுக்கான், பின்பக்கம் திறந்து நீச்சல் மேடையாக விரியும் சுவர், ஒயின் பாட்டிலுக்குத் தனி அலமாரி. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: டிராஃப்ட் எவ்வளவு? அதாவது படகின் அடியில் எடையோடு தொங்கும் தகடான கீலின் அடிநுனி தண்ணீருக்குள் எத்தனை அடி இறங்கி நிற்கிறது? விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, "முன் அறையைப் பார்த்தீர்களா? கட்டிலைச் சுற்றி நடக்கலாம்" என்றார். இரண்டாம் முறை கேட்டதும் கையேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 2.15 மீட்டர். ஏழடி!

"ஏங்க, இது நம்ம கழி வாயிலயே நின்னுடுமே" என்றாள் தமிழில். எங்கள் கழியின் வாயில் நீர் வற்றும்போது ஐந்தடிதான் இருக்கும்.

ஆழமான கீல் எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. எடை எவ்வளவு கீழே தொங்குகிறதோ அவ்வளவுக்குப் படகு சாயாமல் நிற்கும், காற்றை எதிர்த்து ஏறும்போது பக்கவாட்டில் நழுவாது. மத்தியதரைக் கடலின் ஆழத் துறைமுகங்களுக்கு அது சரி. அதையே இங்கே கொண்டுவந்து தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆழம் குறைந்த கீல் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஐந்தடிக்கு மேல். சில படகுகளுக்குப் பின்னால் இரட்டைச் சுக்கான் வேறு. ஒற்றைச் சுக்கானாவது கீலுக்கு நேர் பின்னால் ஒதுங்கி நிற்கும். இவை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மேட்டில் ஏறினால் முதலில் உடைவது எது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

என்னை ரொம்பவும் நோகடித்தது அந்தப் பொடி எழுத்து. அது பெரும்பாலும் வெறும் படகின் கணக்கு. 500 லிட்டர் தண்ணீர், 200 லிட்டர் டீசல், நங்கூரச் சங்கிலி, அரிசி பருப்பு, நாலு ஆள் என்று ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டும். 40 அடிப் படகு ஏறத்தாழ 700 கிலோவுக்கு ஓர் அங்குலம் அமிழும். ஒன்றிரண்டு அங்குலம்தானே என்று கரையில் இருப்பவர்கள் சொல்லலாம். போன வருடம் வடமேற்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்து, விரிகுடாத் தண்ணீரையே கடலுக்குத் தள்ளிவிட்டது. வரைபடத்தில் ஐந்தடி போட்டிருந்த கழி வாயில், 3 அடி 9 அங்குலமே இறங்கும் எங்கள் பழைய படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சாய்ந்த தரையில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மாலை காற்று தணிந்து தண்ணீர் திரும்பி வந்தபோது, எங்களைத் தூக்கிவிட்டது அந்த இரண்டு அங்குலம்தான்.

இரட்டை உடல் படகான கேட்டமரான் வாங்குங்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நாலடி சுமாரில் முடிந்துவிடும், வாஸ்தவம். ஆனால் அகலம் ஏறத்தாழ 22 அடி. எங்கள் துறையில் கட்டவே இடமில்லை, விலையும் எட்டாது. அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நம் மீனவர்கள் பாய் விரித்தால் ஒரு பலகையைச் செருகுவார்கள், கரை வந்தால் உருவிவிடுவார்கள். இந்த விரிகுடாவின் சிப்பிப் படகான ஸ்கிப்ஜாக்கிலும் நடுவே தூக்கி இறக்கும் பலகைதான். 1985இல் அதை மேரிலாந்தின் மாநிலப் படகாக அறிவித்தார்கள். அறிவித்து என்ன? நாங்கள் தேடிய அளவில், அந்த அமைப்புள்ள புதுப் படகு மூன்று நாளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பலகைக்கான கூடு அறைக்கு நடுவில் இடத்தை அடைக்கிறதாம், செலவும் கூடுகிறதாம். ஒயின் அலமாரிக்கு மட்டும் இடம் இருக்கிறது!

விற்கிறவர்களே, தயவுசெய்து சுமை ஏற்றிய டிராஃப்டை விலைக்குப் பக்கத்தில், விலை அளவு எழுத்தில் எழுதி வையுங்கள். தூக்கி இறக்கும் கீலோடு ஒரு படகையாவது அடுத்த அக்டோபரில் கொண்டுவந்து கட்டுங்கள். முதல் ஆளாக நாங்கள் வந்து ஏறுகிறோம். அதுவரைக்கும் பழைய படகுதான். அடுத்த வாரம் அதைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.