ஆட்டின் கட்டியும் எமது அலட்சியமும்

1911 ஆம் ஆண்டில், அந்நாளில் ரங்கூன் என வழங்கிய யாங்கோன் நகரின் வைத்தியசாலையில், இறந்தோரின் உடல்களைச் சோதித்துவந்தார் அல்பிரட் விற்மோர் என்னும் வைத்தியர். அவரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதுவரை எவரும் எழுதிவைத்திராத ஒரு நோயை இனங்கண்டனர். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளுடன் மாண்டவர்கள் பெரும்பாலும் கேட்பாரற்ற ஏழைகள். 1917 இல் கிருஷ்ணசாமி தந்த கணக்கின்படி, அங்கு சோதிக்கப்பட்ட உடல்களில் நூற்றுக்கு ஐந்தில் இந்நோய் இருந்தது. மெலியோயிடோசிஸ் என்பது பின்னாளில் அதற்கு இடப்பட்ட பெயர்.

அதன் பின்னர் பல தசாப்தங்களாகப் பர்மாவிலிருந்து இந்நோய் பற்றிய செய்தி ஏறக்குறைய வரவேயில்லை. நோய் அகன்றுவிட்டதா? இல்லை. தேடும் கண்கள்தான் அகன்றுவிட்டன. அண்மை ஆண்டுகளில் மீண்டும் தேடியபோது, யாங்கோனில் அது முன்போலவே இருப்பது தெரியவந்தது. தின்கன்ஜூனில் ஆனாலென்ன, மட்டக்களப்பில் ஆனாலென்ன, தேடாத இடத்தில் நோய் இல்லையென்று சொல்வது அறியாமையே.

இந்நோயின் பற்றீரியா வெப்பநாடுகளின் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. சேற்றில் நிற்கும் உழவரின் கால்வெடிப்பு வழியாகவும் மழைக்காலக் காற்றின் வழியாகவும் உடலுட் புகும். ஆடு, செம்மறி, பன்றி ஆகியவற்றை அது எளிதிற் பற்றும். கால்நடையிலிருந்து மனிதருக்கு நேரே தொற்றுவது அரிது. எனினும் மடிவீக்கங்கண்ட ஆட்டின் பாலிலும் அது வெளிப்படலாம். ஒரே மண்ணை மிதிப்பதனால், ஆட்டுக்கு வந்தது ஆட்டுக்காரருக்கும் வரக்கூடும் என்பதே முக்கியமானது. 1949 இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இந்நோயை முதலில் அறிவித்தவை செம்மறிகளே. மனிதரில் அது அறியப்பட்டது அதன் பின்னர்தான்.

இது ஏழை நாடுகளின் நோய் என ஐரோப்பாவும் ஒதுங்கியிருக்க இயலவில்லை. 1975 அளவில் பாரிஸ் தாவரவியற் பூங்காவின் மிருகக்காட்சிச்சாலையில் தோன்றி, குதிரைப் பயிற்சி நிலையங்கள்வரை பரவி, மனித உயிர்களையும் அது பறித்தது.

இலங்கையில் முதல் நோயாளி 1927 இல் அறியப்பட்டார். நெடுங்காலம் இது அபூர்வ நோயென்றே கருதப்பட்டது. இந்நூற்றாண்டில் முறையாகத் தேடத் தொடங்கிய பின் நூற்றுக்கணக்கானோர் கண்டறியப்பட்டனர். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 165,000 பேரை இந்நோய் பற்றுவதாகவும், 89,000 பேர் மாள்வதாகவும் 2016 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இதில் எமக்கு இரு கடமைகள் உள்ளன.

முதலாவது, எம் உடல் பற்றியது. இந்நோய் மிக எளிதில் வீழ்த்துவது நீரிழிவு உள்ளவர்களை. எம்மவரில் நீரிழிவு இல்லாத குடும்பம் எத்தனை? மழைக்காலத்தில் ஊர் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சலும் இருமலும் விடாது தொடருமாயின், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள வைத்தியர் அதனைக் கசநோயென எண்ணக்கூடும். வழமையான மருந்துகள் பலவற்றிற்கு இது பணியாது. ஏற்ற மருந்தை ஊசிவழியே குறைந்தது பத்து நாட்களும், பின்னர் குளிசையாக மூன்று மாதங்களும் கொடுக்கவேண்டும். ஆகவே, "ஊருக்குப் போய்வந்தேன், வயலில் நின்றேன், எனக்கு நீரிழிவு உண்டு" என்னும் மூன்று செய்திகளையும் வைத்தியரிடம் தாமாகவே சொல்லவேண்டும்.

இரண்டாவது, எம் பணம் பற்றியது. போரில் துணையை இழந்த பெண்களுக்கு ஆடு வாங்கிக்கொடுக்கப் புலம்பெயர்ந்தோர் மனமுவந்து உதவுகின்றனர். நற்பணியே. ஆனால் அந்த ஆடு கட்டியுடன் மெலிந்து செத்தால் என்ன நடக்கிறது? புதைக்கப்படுகிறது, அல்லது கறியாகிறது. சீழை ஆய்வுகூடத்திற்கு அனுப்புவாரில்லை. அறிவித்தால் மந்தையே போய்விடும் என்னும் அச்சம் அந்தப் பெண்ணுக்கு இருப்பது இயல்பே. எனவே ஆடு வாங்க அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கால்நடை வைத்தியருக்கும் பரிசோதனைக்கும் நட்டஈட்டுக்கும் ஒதுக்கவேண்டும். அப்பங்கு இல்லாத உதவி அரை உதவியே.

ரங்கூனில் கேட்பாரற்று இறந்தவர்களின் உடல்களை இருவர் பொறுமையுடன் ஆராய்ந்ததனாலேயே ஒரு நோய் உலகுக்குத் தெரிந்தது. செத்துக்கிடக்கும் ஓர் ஆட்டையும் அவ்வண்ணமே பார்க்க நாம் பழகவேண்டும். அதன் உடல் சொல்லும் சேதி, அதை வளர்த்தவளின் உயிரைக் காக்கக்கூடும்.