மீட்சிக் காலமே அளவுகோல்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி, தென்கொரியாவின் டேஜியோன் நகரிலுள்ள தேசிய தகவல் வள நிலையத்தில், இலிதியம் பற்றரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கையில் தீ மூண்டது. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசாங்கக் கணினித் தொகுதிகள் செயலற்றன. அவற்றுட் பல பின்னர் வாரக்கணக்கிற் சிறிது சிறிதாக மீண்டன. ஆயின், அரசாங்க அலுவலர் தம் ஆவணங்களை இட்டு வைத்த 'ஜி-டிரைவ்' என்னும் பொதுத் தேக்ககம் எரிந்தொழிந்தது. அதிலிருந்த தரவு 858 டெராபைற்று. புறத்தே வேறு பிரதி இல்லை. அளவு மிகப் பெரிதாகையாற் காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை என்பதே அதிகாரிகள் கூறிய விடை.

இவ்விடை ஏற்கத்தக்கதன்று. செக்கனுக்கு 10 கிகாபிற் செல்லும் ஓர் இணைப்பு தடையின்றி ஓடினால், 858 டெராபைற்றும் ஏறத்தாழ எட்டு நாளில் வேறூர் சென்றுவிடும். அதிற் பத்திலொரு பங்கு வேகமுடைய இணைப்பாயினும் எண்பது நாள் போதும். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த ஒரு தேக்ககத்துக்கு எண்பது நாள் கிடைக்கவில்லை என்பது நம்பற்கரிது. கிடைக்காதது பணமும் மனமுமே.

காப்புச் சேவையகம் வாங்குவோர் பெரும்பாலும் ஒரு வினாவையே கேட்கின்றனர்: எத்தனை டெராபைற்று கொள்ளும்? இது நெற்களஞ்சியத்தின் கொள்ளளவை மட்டும் அறிந்து, வாயிலின் அகலத்தை அறியாது விடுதலை ஒக்கும். ஒரு நிறுவனத்தில் 10 டெராபைற்றுத் தரவு உண்டென்றும், நாளொன்றுக்கு அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாறுகின்றதென்றும் வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி நேரத்துள் அம்மாற்றத்தைப் பிரதி எடுக்கச் செக்கனுக்குப் பதினேழு மெகாபைற்று வேகம் போதும். எளிய கருவியும் அதனைச் செய்யும். ஆனால், இடர் வந்த நாளில் முழுவதையும் அதே எட்டு மணி நேரத்தில் மீட்க வேண்டுமாயின், அதனினும் இருபது மடங்கு வேகம் வேண்டும். இரவில் ஊற்றாய்ச் செல்வது இடர்நாளில் வெள்ளமாய்த் திரும்ப வேண்டியிருக்கின்றது. ஊற்றுக்கு அமைத்த வாய்க்கால் வெள்ளத்தைத் தாங்குமா?

இன்னும், மீட்கப்பட்ட தரவு தானே இயங்காது. நாற்பது மெய்நிகர் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 8 கிகாபைற்று நினைவகம் வேண்டி நிற்குமாயின், மாற்றிடத்தில் 320 கிகாபைற்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவை யாவும் ஒருங்கே எழும்புகையில் வட்டுகளின் மேல் விழும் சுமையோ வேறு. எழும்பும் ஒழுங்கும் உண்டு. பெயர்களை முகவரிகளாக்கும் சேவையும், பயனரை அடையாளங் காணுஞ் சேவையும் முதலில், பின்னர் தரவுத்தளம், அதன் பின்னரே ஏனைய பிரயோகங்கள். இவ்வொழுங்கை நடத்தும் மென்பொருள் எரிந்த கட்டடத்திலேயே இருந்திருப்பின், நாட்டியத்துக்கு முன்னர் நட்டுவனாரை இழந்த கதைதான்.

நம் நாட்டுக்கும் இப்பாடம் புதிதன்று. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் 'கிளவுட்' தொகுதியைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளவில்லை. அங்கே தீயுமில்லை, வெள்ளமுமில்லை. இணைந்திருந்த காப்பும் ஒருங்கே பூட்டப்பட்டது, அவ்வளவே. ஆகையால், பிரதிகளுள் ஒன்றேனும் வலையமைப்பினின்றும் விலகி, வேறு கடவுச்சொல்லின் கீழ், அழிக்கவியலா நிலையில் இருத்தல் வேண்டும். இதற்கான இடமும் செலவும் முதற் கணக்கிலேயே சேர வேண்டியவை. பின்னர் பார்ப்போமென விட்டால் ஒருநாளும் சேரா.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததும், ஏடுகள் வெவ்வேறிடங்களில் எஞ்சியிருந்தமையாலன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த சுவடிகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

கல்லூரிகளின் சேர்விடாப்புகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் இன்று கணினிக்குள் ஏறிவருகின்றன. பழைய மாணவர் சங்கங்கள் யூபிலி ஆண்டில் நன்கொடையாகக் கணினி வழங்க முன்வருதல் போற்றத்தக்கதே. எனினும், அத்தொகையில் ஒரு பகுதியை இரண்டாவது பிரதிக்கும், அப்பிரதியை வேறூரில் வைப்பதற்கும் ஒதுக்குமாறு நன்கொடையாளர் வற்புறுத்த வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் விடுமுறையில், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், வெற்றுக் கணினியொன்றிற் சேர்விடாப்பு முழுவதையும் காப்பிலிருந்து மீட்டு, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கட்டும். அடுத்த சேவையகத்தை எவ்வளவு பெரிதாக வாங்குவதென்பதை அக்கொப்பியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.