பறித்தலும் எறிதலும்

இராமாயணத்தை ஆய்ந்து பெரியார் எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பையும் இந்தி மொழிபெயர்ப்பையும் பறித்தெடுக்க 1969-இல் உத்தரப்பிரதேச அரசு ஆணையிட்டது. அலகாபாத் உயர்முறைமன்றம் 1971-இல் அதை நீக்கிற்று. உச்சமுறைமன்றம் 1976-இல் அத்தீர்ப்பை நிலைநிறுத்திற்று.

அத்தீர்ப்பைப் போற்றும் நாமே, நம் கொள்கைக்கு மாறான நூலைப் பொதுப் படிப்பகத்தினின்று எடுத்தெறியலாமா? ‘யாம் அரசல்லேமே’ என்பது விடையாகாது. தம் காசில் வாங்கிய படியைக் கிழிப்பது அவரவர் உரிமை. ஊர்க்குப் பொதுவான படியை எறிவதோ பிறர் கண்ணைக் கட்டுவதாகும். ஆணையிட்டுப் பறிப்பினும் ஓசையின்றி அகற்றினும் படிக்க வந்தவர்க்கு இழப்பு ஒன்றே!

தமிழன்பர்களே! பொய்ந்நூலைக் கண்டால் மறுப்புநூல் எழுதுங்கள், அதனருகிலேயே வையுங்கள். படிப்போர் இரண்டையும் ஒப்புநோக்கித் தெளியட்டும். வெற்றடுக்கு எவரையும் வென்றதில்லை, விடையே வெல்லும்!