போதைப் பாதிப்புக்குப் பொது நிதியில் சிகிச்சை: கேரளத்தின் முன் நிற்கும் கேள்வி

திருவனந்தபுரம்: விரும்பிப் போதைப்பொருள் பயன்படுத்தி உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டவருக்கு மக்களின் வரிப்பணத்தில் சிகிச்சை அளிக்கலாமா? கேரளத்தில் எம்டிஎம்ஏ போன்ற செயற்கைப் போதைப்பொருள்களின் பரவல் கவலை அளித்துவரும் நிலையில், இக்கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

கூடாது என்போரின் வாதம் எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. மாநிலத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இத்திட்டத்தில் தங்களுக்குச் சேர வேண்டிய தொகை நிலுவையில் உள்ளதாக மருத்துவமனைகள் ஏற்கெனவே முறையிட்டுள்ளன. நிதி குறைவாக இருக்கையில் புற்றுநோயாளிக்கே முன்னுரிமை என்பது அவர்களின் நிலைப்பாடு.

எனினும், சட்டம் வேறு திசையில் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மையங்களில் அதற்குச் சிகிச்சை பெறுவது உரிமையாகும்.

நடைமுறையில் இடைவெளி உள்ளது. காருண்யா திட்டத்துடன் இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், போதை மறுவாழ்வுச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இக்குறையைக் கலால் துறையின் விமுக்தி இயக்கம் ஓரளவு ஈடுசெய்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் அதன் போதை மீட்பு மையம் இயங்குகிறது.

சிகிச்சையை மறுப்பதால் செலவு மறைந்துவிடுவதில்லை. மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில், ஒரே ஊசியைப் பகிர்ந்து போதைப்பொருள் ஏற்றிக்கொண்ட 10 பேருக்கு எச்ஐவி தொற்று இருப்பது 2025 மார்ச்சில் தெரியவந்தது. எச்ஐவி கூட்டு மருந்துகளை 2004 முதல் அரசே இலவசமாக வழங்குகிறது; அவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். போதைப்பழக்கமே இல்லாத வாழ்க்கைத்துணைக்கும் தொற்று பரவும் அபாயம் உண்டு.

தாமே தேடிக்கொண்ட நோய் என்ற அளவுகோலும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மாநில அரசின் நிறுவனமான பெவ்கோ மது விற்கிறது. குடியால் கல்லீரல் கெட்டவரை அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்புவதில்லை.

போதைப் பாதிப்பின் விலையைப் பொது நிதி இன்றும் செலுத்தியே வருகிறது. அதைத் தொடக்கத்திலேயே மீட்புச் சிகிச்சைக்குச் செலவிடுவதா, பின்னர் தொற்றுக்கும் உறுப்புச் சிதைவுக்கும் செலவிடுவதா என்பதே அரசு எடுக்க வேண்டிய முடிவு.